வேலை கடல் தாண்டினால் லாபம் யாருக்கு? கேள்வி பதில்

அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் வேலைகளைச் சென்னைக்கு மாற்றிக் கொண்டுவரும் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது கல்லூரியில் பன்னாட்டு வணிகம் பாடம் நடத்துகிறேன். வேலைகள் வெளிநாட்டுக்குப் போவது பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி, முதுகலை மாணவி): சார், அவுட்சோர்சிங், ஆஃப்ஷோரிங் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். சண்டை எதைப் பற்றியது?

ஒரு நிறுவனம் தன் சம்பளக் கணக்கு வேலையை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் அது அவுட்சோர்சிங். அந்த நிறுவனம் அடுத்த தெருவிலேயே இருக்கலாம். வேலையை இன்னொரு நாட்டுக்கு மாற்றினால் ஆஃப்ஷோரிங். அங்கே அதைச் செய்கிறவர்கள் அதே நிறுவனத்தின் ஊழியர்களாகவும் இருக்கலாம். அரசியல் சண்டை இரண்டாவதைப் பற்றியதுதான். இந்தியாவில் வேகமாக வளர்வதும் அதுதான்: ஜி.சி.சி. எனப்படும் பன்னாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள் 2024 கணக்குப்படி 1,700க்கு மேல். அவற்றில் வேலை செய்பவர்கள் சுமார் 19 லட்சம் பேர்.

கேள்வி (சோழிங்கநல்லூர், டெஸ்டிங் லீட்): எங்க ப்ராஜெக்ட்ல 40 பேர் இருக்கோம். அப்போ அமெரிக்காவுல 40 பேருக்கு வேலை போச்சுன்னு அர்த்தமா சார்? மனசு உறுத்துது.

அப்படி ஒன்றுக்கு ஒன்று கழித்துப் பார்க்க முடியாது. அங்கே ஆள் வைத்துச் செய்ய வேண்டுமென்றால் அந்த வேலையையே தொடங்கியிருக்க மாட்டார்கள் என்கிற ப்ராஜெக்ட்கள் நிறைய உண்டு. 2002இல் ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம், 2015க்குள் 33 லட்சம் சேவைத் துறை வேலைகள் அமெரிக்காவை விட்டுப் போகும் என்று கணித்தது. அந்த எண் அன்று பெரிய பீதியைக் கிளப்பியது. ஆனால் அது பதின்மூன்று ஆண்டுகளுக்கான எண். அமெரிக்காவில் ஏதோ ஒரு காரணத்தால் வேலையை விடுகிறவர்களும் இழக்கிறவர்களும் இப்போதெல்லாம் ஒரே மாதத்தில் சுமார் 50 லட்சம் பேர். அத்தனை பெரிய பொருளாதாரத்தில் இந்த 33 லட்சம் மொத்த வேலைவாய்ப்பைக் கவிழ்த்துவிடாது.

ஆனாலும் உங்கள் உறுத்தல் நியாயமானதுதான். 2003இல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் ஒரு கணக்குப் போட்டது: அமெரிக்க நிறுவனம் இந்தியாவுக்கு மாற்றும் ஒவ்வொரு டாலர் செலவிலும் அமெரிக்காவுக்கு 1.12 முதல் 1.14 டாலர் வரை திரும்பக் கிடைக்கிறது, இந்தியாவுக்கு 33 சென்ட் கிடைக்கிறது, ஆக இரண்டு நாட்டுக்கும் லாபம். ஆதரவாளர்கள் இந்த எண்ணைத்தான் இன்றுவரை எடுத்துக் காட்டுகிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செலவு மிச்சம் 58 சென்ட். இந்திய மையங்கள் அமெரிக்கப் பொருட்களை வாங்குவதால் 5 சென்ட். அமெரிக்க நிறுவனங்களின் இந்தியக் கிளைகள் அனுப்பும் லாபம் 4 சென்ட். மொத்தம் 67 சென்ட். மீதி 45 முதல் 47 சென்ட் எங்கிருந்து வருகிறது? வேலை இழந்தவர்கள் வேறு வேலையில் சேர்ந்து சம்பாதிப்பார்கள் என்ற அனுமானத்திலிருந்து.

அந்த அனுமானம் பலிக்காவிட்டால் ஒரு டாலருக்குத் திரும்பி வருவது 67 சென்ட் மட்டும். அந்த 67 சென்டும் பெரும்பாலும் நிறுவனத்துக்கும் பங்குதாரருக்கும் போகிறது, ஒரு பகுதி விலைக்குறைவாக வாடிக்கையாளருக்குப் போகலாம். ஆக, ‘நாட்டுக்கு லாபம்’ என்ற வாக்கியமே வேலை இழந்தவருக்கு அடுத்த வேலை கிடைக்கிறதா என்பதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

கேள்வி (மதுரை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): 2004இல் ஒரு பொருளாதார அறிஞர் இதை ஆதரித்துப் பேசி மாட்டிக்கொண்டார் என்று படித்தேன். பொருளாதார நிபுணர்கள் எல்லாரும் இதை ஆதரிக்கிறார்களா ஐயா?

அவர் கிரெகரி மேன்கிவ். அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர். சேவைகளை வெளிநாட்டில் வாங்குவதும் சரக்கை வெளிநாட்டில் வாங்குவதும் ஒரே வகை வணிகம்தான், நீண்டகாலத்தில் அது நன்மையாகவே முடியும் என்ற பொருளில் 2004 பிப்ரவரியில் பேசினார். அது தேர்தல் ஆண்டு. எதிர்க்கட்சியை விடுங்கள், சொந்தக் கட்சிக்காரரான பிரதிநிதிகள் சபைத் தலைவர் டென்னிஸ் ஹேஸ்டர்ட்டே அவரை வெளிப்படையாகக் கண்டித்தார். பாடப்புத்தகப்படி மேன்கிவ் சொன்னதில் பெரிய பிழை இல்லை. வேலை போய் வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாமல் நின்றவர்களுக்கு அதில் எந்தப் பதிலும் இல்லை என்பதுதான் குறை.

எல்லாரும் ஒரே அணியிலும் இல்லை. நோபல் பரிசு பெற்ற பால் சாமுவெல்சன் அதே ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம்: நீங்கள் எதில் வல்லவராக இருந்து ஏற்றுமதி செய்தீர்களோ, அதிலேயே இன்னொரு நாடு திறமை பெற்றுவிட்டால் உங்கள் சரக்கின் விலை இறங்கும், அப்போது உங்கள் நாட்டின் மொத்த வருமானமே நிரந்தரமாகக் குறைய வாய்ப்பு உண்டு. அதாவது, எப்போதும் வெல்பவரின் லாபம் தோற்பவரின் நட்டத்தைவிடப் பெரிதாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதியும் அவருடைய சகாக்களும், சாமுவெல்சன் சொல்வது வேறு நிலைமை, ஆஃப்ஷோரிங் வழக்கமான வணிகம்தான் என்று மறுத்தார்கள். தனி நிகழ்வாகப் பார்த்தால் பகவதி பக்கம் நியாயம் அதிகம் என்பது என் கருத்து. ஆனால் ஆஃப்ஷோரிங் மூலமாகவே இந்தியாவும் சீனாவும் தொழில் கற்றுக்கொண்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சாமுவெல்சனை ஒதுக்கிவிட முடியவில்லை.

கேள்வி (நியூ ஜெர்சி): நான் கோயம்புத்தூர்க்காரன். இங்கே வந்து குடியுரிமை வாங்கிப் பல வருஷமாச்சு. போன வருஷம் எங்கள் டீம் வேலை முழுக்க இந்தியாவுக்குப் போனது. வந்தவர்களுக்கு நானே கே.டி. (வேலையைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி) கொடுத்தேன், கொடுத்தால்தான் செவரன்ஸ் பணம் (வேலையை விட்டு அனுப்பும்போது தரும் தொகை). சொந்த ஊர்ப் பையன்கள், கோபப்படவும் முடியவில்லை. எனக்கு 54 வயது. ‘நீண்டகால நன்மை’ எனக்கு எப்போது வரும் தம்பி?

அண்ணா, உங்களுக்கு அது தானாக வராது. வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கே.டி. அழைப்புகளில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார். அது ஏன் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2015இல் ஃப்ளோரிடாவில் டிஸ்னி நிறுவனத்தின் சுமார் 250 தொழில்நுட்ப ஊழியர்கள் இதே நிலைக்கு ஆளானது செய்தியாகிப் பெரிய விவாதமானது. செய்தியாகாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

பொருளாதாரப் புத்தகம் சொல்வது, வென்றவரிடமிருந்து எடுத்துத் தோற்றவருக்கு ஈடு கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும் என்று. கொடுக்கப்படும் என்று அது சொல்வதில்லை. கொடுப்பது அரசியலின் வேலை. அமெரிக்காவில் அதற்கென்று கென்னடி காலத்தில், 1962இல், ஒரு திட்டம் வந்தது: இறக்குமதியால் வேலை இழந்தவருக்குப் பயிற்சி, உதவித்தொகை. ஆனால் ‘பொருள்’ தயாரிப்பவர்களுக்குத்தான் அது என்று சொல்லி மென்பொருள் ஊழியர்களின் மனுக்களைத் தொழிலாளர் துறை நிராகரித்து வந்தது. நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. 2009இல்தான் சேவைத் துறை ஊழியர்களைச் சட்டம் தெளிவாகச் சேர்த்தது. 2022 நடுவில் திட்டத்தின் காலம் முடிந்தது, அமெரிக்கச் சட்டமன்றமான காங்கிரஸ் நீட்டிக்காததால் புதிய மனுக்கள் நின்றுபோயின. ஆஃப்ஷோரிங்கால் வந்த லாபத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து இதை நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. உங்கள் கோபம் கோவைப் பையன்கள் மேல் திரும்பாமல் இருப்பது உங்கள் பெருந்தன்மை. அது போக வேண்டிய இடம் அந்தச் சட்டமன்றம்தான்.

கேள்வி (ஓசூர், ஃபவுண்டரி மேற்பார்வையாளர்): ஐ.டி. பற்றியே பேசுகிறீர்கள். ஃபேக்டரி வேலை போனதுதானே பெரிய அடி?

ஆமாம், அமெரிக்காவில் அதுதான் பெரிய அடி. 2000இல் சுமார் 1.7 கோடியாக இருந்த உற்பத்தித் துறை வேலைகள் 2010இல் சுமார் 1.15 கோடியாகிவிட்டன. சீன இறக்குமதி வெள்ளத்தால் (2001இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்த பிறகு அது வேகமெடுத்தது) 1999 முதல் 2011 வரை எல்லாத் துறைகளிலும் சேர்த்துப் போனவை 20 முதல் 24 லட்சம் வேலைகள் என்று பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் உடன் ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். ஃபேக்டரி வேலைகள் குறைந்ததற்கு இயந்திரமயமும் 2008 நெருக்கடியும்கூடக் காரணம்.

எண்ணிக்கையைவிடக் கொடுமை, அது ஒரே இடத்தில் விழுந்தது. வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்களைப் போல ஊரே ஒரு தொழிலை நம்பியிருந்த இடங்களில் ஆலை மூடியதும் டீக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாம் படுத்துவிட்டது. வேறு வேலை தேடி வேறு ஊருக்குப் போவார்கள் என்று நிபுணர்கள் எதிர்பார்த்தார்கள். பெரும்பாலோர் போகவில்லை. வீடு, வயதான பெற்றோர், பிள்ளைகளின் படிப்பு என்று அவரவர்க்கு அங்கே வேர் இருந்தது.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மறைமலைநகரில் ஃபோர்டு கார் தயாரிப்பை நிறுத்தும் முடிவு 2021இல் வந்தது, 2022இல் உற்பத்தி நின்றது. அதே நிறுவனத்தின் கணினி, கணக்கு வேலைகளைச் செய்யும் சென்னை மையம் ஆயிரக்கணக்கானோருடன் தொடர்ந்தது. மெஷின் ஓட்டியவர் அந்த மையத்தில் போய்ச் சேர முடியுமா?

கேள்வி (துரைப்பாக்கம்): நமக்கு லாபம்தானே சார், அதை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

சொல்கிறேன், மகிழ்ச்சியாகவே சொல்கிறேன். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் மையம் திறந்தபோது செயற்கைக்கோள் இணைப்புக்கே அரசோடு போராட வேண்டியிருந்தது. 1991இல் மென்பொருள் பூங்காத் திட்டம், பிறகு ஒய்2கே வேலை (கணினிகளில் 2000ஆம் ஆண்டுத் தேதிக் கோளாற்றைச் சரிசெய்வது), 2000இல் தரமணியில் டைடல் பார்க், 2011 மார்ச் வரை வருமான வரி விலக்கு என்று இந்திய ஐ.டி. துறை படிப்படியாக வளர்ந்தது. 2023-24இல் ஏற்றுமதி சுமார் 20,000 கோடி டாலர், வேலையில் இருப்பவர்கள் சுமார் 54 லட்சம் பேர். அந்த ஆண்டு சரக்கு வணிகத்தில் இந்தியாவுக்கு சுமார் 24,000 கோடி டாலர் பற்றாக்குறை. அதில் 16,000 கோடி டாலருக்கு மேல் ஈடுகட்டியது சேவை வணிகத்தின் உபரி. நாம் கச்சா எண்ணெய் வாங்கும் டாலரில் உங்கள் இரவு ஷிஃப்ட்டும் இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்து அப்பாவின் கடனை அடைத்த எத்தனையோ பெண்களை என் குழுக்களிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் 54 லட்சம் என்பது இந்தியாவில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அந்த ஒருவரிலும் புதிதாகச் சேர்பவருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஓ.எம்.ஆர். வாடகை அப்படி நிற்கவில்லை.

கேள்வி (டாலஸ், எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்): புதிய விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம், அவுட்சோர்சிங்குக்கு 25 சதவீத வரி என்கிறார்களே. வேலையெல்லாம் அமெரிக்காவுக்கே திரும்பிவிடுமா?

இரண்டும் வேறு வேறு. கட்டணம் 2025 செப்டம்பரில் அதிபர் ட்ரம்ப் போட்ட உத்தரவு. 25 சதவீத வரி அதே மாதம் செனட்டர் பெர்னி மொரேனோ முன்வைத்த மசோதா. விசாவைக் கடினமாக்கினால் வேலை உள்ளூருக்கு வரும் என்ற நம்பிக்கைக்கு முன் அனுபவம் எதிராக இருக்கிறது. 1,95,000ஆக இருந்த எச்1பி உச்சவரம்பு 2004இல் 65,000க்கு இறங்கியது. ஆள் கிடைக்காத பன்னாட்டு நிறுவனங்கள் இந்தியா, சீனா, கனடாக் கிளைகளில் ஆள் எடுத்தன என்று ஆய்வு காட்டியது. ஆளை வரவிடாவிட்டால் வேலை ஆள் இருக்கும் இடத்துக்குப் போகிறது. வரி வேறு விஷயம், அது இந்திய பில்லிங் ரேட்டை, அதாவது வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தை, நேரடியாக அடிக்கும். அப்படி ஒன்று சட்டமானால் அதன் சுமையில் பெரும்பகுதி இங்கே சம்பள உயர்வு இல்லாத வடிவில்தான் வந்து விழும்.

கேள்வி (பெருங்குடி, 12 வருட அனுபவம்): எங்களையே ‘ராஜினாமா எழுதிக் கொடுங்க’ன்னு கூப்பிடுறாங்க. கால் சென்டர் வாய்ஸ் வேலை எப்பவோ மணிலாவுக்குப் போச்சு, மிச்சத்தை ஏ.ஐ. பார்த்துக்குமாம். நாங்க என்ன பண்றது?

2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நியூ ஜெர்சி அண்ணன் கேட்ட கேள்வி இப்போது நம் தெருவுக்கு வந்துவிட்டது. அவருக்கு ஒரு காலத்திலாவது ஈடு தரும் திட்டம் இருந்தது. இங்கே வேலை இழந்தவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை (2020 முதல் பாதியை) 90 நாள் வரை தரும் இ.எஸ்.ஐ. திட்டம் 2018இல் வந்தது, ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள்தான் இ.எஸ்.ஐ.க்குள் வருவார்கள். உங்களுக்குக் கிடைக்காது. ஏற்றுமதி லாபத்தில் ஒரு பங்கை எடுத்து ஐ.டி. ஊழியருக்கு வேலையிழப்புக் காப்பீடு வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும், அதுவும் வேலையில் இருக்கும்போதே.

உடனடியாக: அந்த அறையிலேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். யோசிக்க நேரம் வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நீங்களாக ராஜினாமா செய்தால் அது பணிநீக்கம் ஆகாது, ஆட்குறைப்புக்குச் சட்டம் தரும் உரிமைகள் எதையும் பிறகு கோருவது மிகக் கடினம். ‘மேனேஜர்’ என்று பதவிப்பெயர் இருந்தாலும் நீங்கள் உண்மையில் செய்த வேலை என்ன என்பதைத்தான் தொழிலாளர் நீதிமன்றம் பார்க்கும். ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, ஓர் அம்மா): பையன் பிளஸ் டூ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு நிக்கான். சேர்க்கலாமா தம்பி?

அவனுக்கு அதில் உண்மையான ஆசை இருந்தால் சேருங்கள் அக்கா. ஆலன் பிளைண்டர் என்ற பொருளாதார அறிஞர் 2007இல், அமெரிக்க வேலைகளில் 22 முதல் 29 சதவீதம் வரை வெளிநாட்டுக்கு மாற்றக்கூடியவை என்று மதிப்பிட்டார். அவர் பிரித்த விதம் நமக்கும் உதவும்: படித்த வேலை, படிக்காத வேலை என்று பிரிக்கவில்லை. கம்பி வழியே அனுப்ப முடிகிற வேலை, நேரில் ஆள் நிற்க வேண்டிய வேலை என்று பிரித்தார். எக்ஸ்ரே படத்தைப் படித்து அறிக்கை எழுதுவது கடல் தாண்டும். நோயாளியின் கையில் ஊசி போடுவது தாண்டாது.

அதனால் வெறும் கோடிங்கோடு நிற்காமல் மருத்துவமனை, துறைமுகம், விவசாயம், மின்சாரம் என்று ஏதாவது ஒரு துறையின் வேலையையும் அவன் பழகட்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேம்பஸ் இன்டர்வியூவில் எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பேருக்கு உண்மையில் பணியில் சேரும் தேதி வந்தது, என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று போன வருடம் முடித்த பிள்ளைகளிடமே விசாரியுங்கள். கல்விக் கடன் வாங்குவதாக இருந்தால், மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.