மன்னிச்சுட்டாருன்னு தெரியும், ஆனா நெஞ்சு நம்ப மாட்டேங்குது

கேள்வி: அக்கா, 11 வருஷத்துக்கு முன்னாடி அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கி, தங்கச்சிக்குப் போக வேண்டிய பணத்தையும் நானே எடுத்துக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அப்புறம்தான் ரட்சிக்கப்பட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன், இதைச் சொல்லி ஆண்டவர்கிட்ட அழாத நாளே இல்ல. ஆனாலும் ராப்போஜன அப்பத்தை எடுக்கப் போனா கை நடுங்குது. மன்னிப்பு கிடைச்சிருந்தா நிம்மதி வந்திருக்கணும்ல?

பதில்: தம்பி, நிம்மதி வரலைங்கறதால மன்னிப்பு வரலைன்னு ஆகிடாது. முதல்ல அதைப் பேசிடுறேன், பணத்துக்கு அப்புறம் வர்றேன், அதை விடப்போறதில்ல.

நாம பாவத்தை அறிக்கையிட்டா மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்"னு 1 யோவான் 1:9ல இருக்கு, உங்களுக்கு மனப்பாடமாவே தெரிஞ்சிருக்கும். ஆனா அதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா, மன்னிக்கிறதுன்னா இரக்கமுள்ளவர்னுதானே எழுதியிருக்கணும், யோவான் ஏன் நீதியுள்ளவர்னு எழுதுறாரு? ஏன்னா அந்தக் கடன் சிலுவையில அடைஞ்சு போச்சு, அடைஞ்ச கடனை மறுபடி உங்ககிட்ட வசூல் பண்ணா அது அநியாயம். அதனால இது ஆண்டவர் இன்னிக்கு என்ன மூடுல இருக்காருங்கற கணக்கே இல்ல, அவரோட நீதியே உங்க பக்கம் நிக்குது. நீங்க என்னடான்னா உங்க அழுகை பத்துமா பத்தாதான்னு அளந்துட்டு இருக்கீங்க.

பின்னாடி புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தரும் இதே பாடுதான் பட்டாரு. 1505ல மடத்துல சேர்ந்த மனுஷன், பாவ அறிக்கை பண்ண உட்கார்ந்தா மணிக்கணக்கா பேசுவாரு, எழுந்து போனதும் ஒண்ணு விட்டுப்போச்சேன்னு பயம் வந்துடும். ஸ்டௌபிட்ஸ்னு அவருக்கு மேல இருந்தவரு, உன்னையே தோண்டாத, கிறிஸ்துவோட காயத்தைப் பாருன்னுதான் திரும்பத் திரும்ப சொன்னாரு. அது லூத்தருக்கு உறைக்கவே வருஷக்கணக்காச்சு, உங்களுக்கு ஒரே நாள்ல உறைக்கலைன்னா அதிசயமில்ல.

இப்ப பணம். உண்மையைச் சொல்லணும்னா, உங்க கை நடுங்குறதுக்குக் காரணம் விசுவாசக் குறைச்சல்னு எனக்குத் தோணல, அந்தக் காசு இன்னும் உங்ககிட்டதான் இருக்கு. ஊரை ஏமாத்தி சம்பாதிச்ச வரி வசூல்காரன் சகேயு கதையை எடுத்துக்கோங்க, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்"னு இயேசு சொன்னது முதல்ல, நாலத்தனையா திருப்பித் தர்றேன்னு சகேயு சொன்னது அதுக்கப்புறம். பணத்தைக் கொடுத்து அவன் மன்னிப்பை வாங்கல, ஆண்டவர் வீட்டுக்குள்ள வந்துட்டாரு, அதுக்கப்புறம் அவனால அந்தப் பணத்தைப் பிடிச்சு வச்சுக்க முடியல. நம்ம சபைகள்ல இந்த வரிசையை அடிக்கடி தலைகீழா பிரசங்கிக்கிறாங்க, இல்லைன்னா ரெண்டாவது பாதியை அப்படியே முழுங்கிடுறாங்க. ரெண்டுமே தப்பு.

'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதின ஜான் நியூட்டன் 1748ல கடல் புயல்ல மாட்டிக்கிட்டு ஆண்டவரைக் கூப்பிட்டாரு, ஆனா அதுக்கப்புறமும் 1754 வரைக்கும் அடிமைக் கப்பல் ஓட்டினவரு. 1788லதான் அந்த வியாபாரத்தோட கொடுமையை, தன் பங்கையும் மறைக்காம, வெளிப்படையா எழுதினாரு. மன்னிப்பு கிடைக்காதவனா இருந்திருந்தா அதை மூடி வைக்கத்தான் பார்த்திருப்பாரு, மன்னிக்கப்பட்டவனாலதான் ஆமா நான்தான் செஞ்சேன்னு சொல்ல முடியுது.

அதனால தங்கச்சிகிட்ட போங்க. எவ்வளவு எடுத்தீங்கன்னு கணக்குப் போட்டு, ஒரே தடவையில தர முடியலைன்னா மாசம் எவ்வளவுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, வெறும் கையோட போய் அழாதீங்க. அவ கோபப்படுவா, பேச்சை நிறுத்தினாலும் நிறுத்துவா, அது அவ உரிமை. "ஆண்டவரே மன்னிச்சுட்டாரு, நீ மன்னிக்க மாட்டியா"ங்கற டயலாக் மட்டும் வேண்டாம், தயவுசெஞ்சு. அவ காதுக்குப் போறதுக்கு முன்னாடி சபையில மைக் பிடிச்சு சாட்சி சொல்றதும் வேண்டாம்.

கேள்வி: ஒரே பாவத்துல திரும்பத் திரும்ப விழறேன் அக்கா. மறுபடியும் மன்னிப்பு கேக்கவே வெட்கமா இருக்கு. இதுக்கு ஒரு லிமிட் இருக்குமா?

பதில்: லிமிட் எவ்வளவுன்னு ஏற்கெனவே இயேசுகிட்ட கேட்டவரு அவரோட சீஷன் பேதுரு. ஏழு தரம் மன்னிச்சா போதுமான்னு கேட்டாரு, ஏழெழுபது தரம்னு பதில் வந்துச்சு. அடுத்தவனுக்காகக் கேட்ட கேள்வி, கடைசியில அவருக்கே தேவைப்பட்டுச்சு பாருங்க. இயேசுவைத் தெரியவே தெரியாதுன்னு அவர் மூணு தரம் மறுதலிச்சப்போ குளிர் காஞ்சது ஒரு கரிநெருப்புப் பக்கத்துல, யோவான் 18ல இருக்கு. 21ம் அதிகாரத்துல உயிர்த்த இயேசு கரையில மீன் வச்சுட்டுக் காத்திருந்ததும் கரிநெருப்புதான். புதிய ஏற்பாட்டு கிரேக்கத்துல அந்த வார்த்தை இந்த ரெண்டே இடத்துலதான் வருது. விழுந்த இடத்து வாசனையிலயே கூப்பிட்டு வச்சு, மூணு தரம் அன்பா இருக்கியான்னு கேட்டு, தன் ஆடுகளையும், அதாவது தன் ஜனங்களையும், அவர் கையில கொடுத்தாரு. வெட்கமா இருந்தாலும் போங்க. அதோட எந்த நேரத்துல, யார் கூட, எந்த போன்ல விழறீங்கன்னு பார்த்து அந்த வழியையும் அடைச்சுடுங்க, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க.

கேள்வி: பரிசுத்த ஆவியைப் பத்தி கெட்ட கெட்ட வார்த்தையா மனசுக்குள்ள தானா வருது. நான் மன்னிக்க முடியாத பாவம் செஞ்சுட்டேனா? ஒரு நாளைக்கு 40, 50 தடவை மன்னிப்பு கேக்கறேன்.

பதில்: இல்லம்மா. மத்தேயு 12ல இயேசு எச்சரிச்சது, கண்ணு முன்னாடி சொஸ்தமானவனைப் பார்த்துட்டே இது பிசாசோட வேலைன்னு தெரிஞ்சே சொன்னவங்களை. அவங்க யாரும் உங்களை மாதிரி ராத்திரி தூங்காம பயப்படல. விரும்பாம வர்ற நினைப்பும் நீங்க சொல்ற வார்த்தையும் ஒண்ணு இல்ல. ஆனா 50 தடவைங்கறது ஜெபத்துல சரி பண்ற விஷயமா எனக்குத் தெரியல. எண்ணச் சுழற்சி நோய்னு ஒண்ணு இருக்கு, ஓசிடின்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது பக்தி வேஷம் போட்டு வரும்போது இப்படித்தான் இருக்கும். இதுக்கு ஸ்க்ரூபுலாசிட்டின்னு பேரு, அது வந்த பழைய லத்தீன் வார்த்தைக்கு அர்த்தமே கூர்மையான சின்னக் கல், செருப்புக்குள்ள மாட்டிக்கிட்ட மாதிரி. மனநல டாக்டரைப் பாருங்க, சிகிச்சை இருக்கு, நல்லாவே வேலை செய்யும். போறதுக்கு முன்னாடி ஒரு வாரம், எப்பெல்லாம் வருது, வந்ததும் என்ன பண்றீங்கன்னு ஒரு நோட்டுல குறிச்சு எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு அது உதவும்.