மறுமொழி: டாக்சோரூபிசின் சேர்த்தும் டிபிபிசி உச்சம் நகரவில்லை

டிபிபிசி என்ற கொழுப்பால் ஆன செயற்கைச் சவ்வை, டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து சேர்த்தும் சேர்க்காமலும் வெப்ப அளவியில் (டிஎஸ்சி) சூடாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். சவ்வு உருகுவதைக் காட்டும் 41 டிகிரி உச்சம் அசையவே இல்லை, சோதனை வீணாகிவிட்டதோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகவில்லை. உங்கள் வரைபடத்தை இன்னொரு முறை பாருங்கள்: மருந்தில்லாத மாதிரியில் 35 டிகிரி பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கிறது, மருந்து சேர்த்ததில் அதைக் காணோம். அதுதான் முன்மாற்றம், அதாவது உருகுவதற்கு முன்னால் வரும் சின்ன மாற்றம். அது ரொம்ப நோஞ்சான். கொழுப்பின், நீரைப் பார்த்திருக்கும் தலைப்பகுதியைக் கொஞ்சம் சீண்டினாலே படுத்துவிடும். ஆக, மருந்து பெரும்பாலும் மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது, சவ்வின் உள்ளே இருக்கும் கொழுப்பு வால்களுக்குள் ஆழமாக இறங்கவில்லை.

டாக்சோரூபிசினின் அமீன் பகுதி (நைட்ரஜன் உள்ள தொகுதி) நடுநிலை பிஹெச்சில் நேர்மின்னூட்டம் கொண்டது. டிபிபிசிக்கோ நிகர மின்னூட்டமே கிடையாது. மருந்து பிடித்துக்கொள்ள எதிர்மின் கொழுப்பு வேண்டும். (மைட்டோகாண்ட்ரியாவின் கார்டியோலிப்பின் என்ற எதிர்மின் கொழுப்போடு இது இறுக ஒட்டுவதும் அதனால்தான்.) டிபிபிஜி என்ற எதிர்மின் கொழுப்பை 20 சதவீதம் கலந்து பாருங்கள். அதுவும் ஏறக்குறைய 41 டிகிரியிலேயே உருகும். எனவே உச்சம் நகர்ந்தால் மருந்தின் வேலை என்று துணிந்து சொல்லலாம். தாங்கல் கரைசலில் (பஃபர்) உப்பைக் குறையுங்கள், கூடினால் ஈர்ப்பு மங்கிவிடும்.

அப்புறம், மருந்தை எப்போது சேர்த்தீர்கள்? உருவாகிவிட்ட பல்லடுக்குக் கொப்புளங்களின் (வெங்காயம் போல் அடுக்கடுக்கான சவ்வு உருண்டைகள்) மேல் ஊற்றினால் வெளி அடுக்குகளுக்குத்தான் முதலில் போய்ச்சேரும். காய்ந்த கொழுப்புப் படலத்தை நீரேற்றும் கரைசலிலேயே கலந்து, 50 டிகிரியில் நீரேற்றுங்கள்.

பேக்லிடாக்சல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து என்றால் கதையே வேறு. தண்ணீரில் கரையாது, கொழுப்போடு குளோரோபார்மில் கரைத்துத்தான் படலம் போட வேண்டும். வால்களுக்கிடையே நுழைவதால் உச்சம் அகன்று கீழே இறங்கும்.

வெப்பமேற்றும் வேகம் நிமிடத்துக்கு 1 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.