டேப் உடைவது எண்ணெயால் மட்டுமா?

கேள்வி: வீட்டு கேட்டுக்கு 10 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) பட்டையில் 8 மி.மீ. போல்ட்டுக்கான எம்8 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டேன், இரண்டு டேப் உடைந்துவிட்டன. பைக்கிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைத்தான் விட்டேன். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் தேங்காய் எண்ணெயே போதும் என்கிறார். கட்டிங் ஆயில் என்று தனியாக வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்தப் பழைய ஆயிலை நிறுத்திவிடுங்கள். டேப்புக்காக அல்ல, உங்கள் தோலுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் வெந்து வந்த எண்ணெயில் புற்றுநோய் தரக்கூடிய பொருட்கள் சேர்ந்திருக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் இயந்திரத்துக்கு விட்ட கனிம எண்ணெய் வருடக்கணக்கில் உடுப்பில் ஊறி, எத்தனையோ தொழிலாளர்களுக்குத் தோல் புற்று வந்தது.

புது எஞ்சின் ஆயில் என்றாலும் இந்த வேலைக்குப் பொருந்தாது. உரசிக்கொண்டே ஓடும் பாகங்கள் தேயாமல் காப்பதற்கு அது. டேப்பின் பல் இரும்பைச் சீவும் இடத்திலோ ஒவ்வொரு நொடியும் புத்தம்புது இரும்பு வெளியே வருகிறது, அழுத்தமும் மிக அதிகம், சாதாரண எண்ணெய் அங்கே நிற்காமல் பிதுங்கிவிடும். கட்டிங் ஆயிலில் கொழுப்பு, கந்தகம், குளோரின் சேர்ந்த பொருட்களைக் கலப்பது இதற்காகத்தான். அவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாகி, பல்லும் இரும்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும்.

லேத் அண்ணன் சொன்னது தப்பில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களுக்கு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. மேலை நாட்டுப் பட்டறைகளில் பன்றிக்கொழுப்பு எண்ணெய் வெகுகாலம் புழங்கியதும் இதே காரணத்தால்தான். எம்.எஸ்.ஸில் கையால் மெதுவாகப் போடும் டேப்புக்குத் தேங்காய் எண்ணெய் நன்றாகவே உதவும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் கொஞ்சம் உருக்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் பிசின்போல ஒட்டும்.

சரி, ஆனால் எனக்கு முதல் சந்தேகம் எண்ணெய் மேல் இல்லை, துளை மேல். எம்8 டேப்புக்கு (பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, 1.25 மி.மீ.) துளை 6.8 மி.மீ. இருக்க வேண்டும். கையில் இருக்கிறதே என்று 6.5 பிட்டை வைத்துத் துளைத்திருந்தால் டேப் சீவ வேண்டிய இரும்பு மிக அதிகமாகிவிடும், எந்த எண்ணெயும் காப்பாற்றாது. எம்6 என்றால் 5, எம்10 என்றால் 8.5, இந்த மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அப்புறம், செட்டில் வரும் மூன்று டேப்பையும் வரிசையாகப் போடுங்கள், முதல் டேப் நேராக இறங்குகிறதா என்று மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள், அரைச் சுற்று முன்னால் போனால் கால் சுற்றாவது பின்னால் வாருங்கள். சீவிய இரும்புச் சுருள் முறிவது கையில் தெரியும். கைப்பிடியை ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுப்பதால் உடையும் டேப்புகள் ஏராளம்.

தனியாக வாங்குவதா என்றால், வாங்குங்கள், ஆனால் தண்ணீர் கலக்காமல் அப்படியே விடும் கெட்டி வகையாக, சின்ன டப்பா போதும். லேத்தில் பால்போல வெள்ளையாக ஓடுகிறதே, அது சொல்யூபிள் ஆயில், பெரும்பாலும் ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணீர். தினமும் ஓடும் மெஷினுக்கு அருமையான பொருள்தான். வீட்டில் கலந்து வைத்தால் சில வாரத்தில் நாறும், துடைக்காமல் விட்டால் துரு ஏறும், கரண்டில் ஓடும் கை டிரில்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வதும் ஆபத்து. நான் மருந்துக்கடை சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டுக் கட்டிங் ஆயில் நிரப்பி வைத்திருக்கிறேன், வேண்டிய இடத்தில் இரண்டு சொட்டு விட வசதி.

கேள்வி: எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் துளை போட்டால் பிட் நீலமாகி மழுங்கிவிடுகிறது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: சூட்டைத் தணிக்கத் தண்ணீர் நல்லதுதான். அமெரிக்காவில் டெய்லர் என்ற பொறியாளர் 1880களிலேயே வெட்டும் கருவியின் மேல் தண்ணீரை விடாமல் ஓடவிட்டு, வெட்டும் வேகத்தை 30-40 சதவீதம் கூட்டிக் காட்டினார். ஆனால் அவர் விட்டது இடைவிடாத ஓட்டம்; நீங்கள் பழுத்த பிட்டின் மேல் அவ்வப்போது ஊற்றினால் அது விரிசல்தான் விடும். உங்கள் சிக்கல் வேகம். எஸ்.எஸ்.ஸை வெட்டாமல் தேய்த்தால் தேய்த்த இடமே இறுகிக் கடினமாகிவிடும், அதற்குப் பிறகு எந்தச் சாதா பிட்டும் இறங்காது. 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 500-600 சுற்று போதும், சாதாரண கை டிரில் முழு வேகத்தில் 2,500க்கு மேல் சுற்றும். வேகத்தைக் குறைத்து, நன்றாக அழுத்தி, சுருள் வந்துகொண்டே இருக்கும்படி துளையுங்கள். கந்தகம் கலந்த கெட்டி கட்டிங் ஆயில் இங்கே கட்டாயம். துரு கழற்றும் ஸ்ப்ரே மிக நீர்த்தது, எஸ்.எஸ்.ஸில் டேப் போட அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: அலுமினியம், பித்தளைக்கும் அதே ஆயில்தானா?
– வாசகி, ஓசூர்

பதில்: இல்லை. அலுமினியம் பிட்டின் முனையில் அப்பிக்கொள்ளும், அதைத் தடுக்க மண்ணெண்ணெய் சில சொட்டு போதும், டபிள்யூ டி 40 ஸ்ப்ரேயும் ஆகும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், டிரில்லுக்குள் பொறி பறக்கும், அதனால் துணியில் நனைத்துப் பக்கத்தில் போட்டு வைக்காதீர்கள். பித்தளைக்குப் பெரும்பாலும் எதுவும் வேண்டாம். கந்தக ஆயில் பட்டால் கறுத்துவிடும். பித்தளையில் பிட் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் வெட்டும் விளிம்பின் கூர்மையைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கிக்கொண்டு, பொருளை வைஸில் இறுக்கிய பிறகே துளையுங்கள். வார்ப்பிரும்பு வந்தாலும் எண்ணெய் விடாமலே துளைக்கலாம், அதிலுள்ள கிராஃபைட்டே வழுக்கிக் கொடுக்கும். தூள் மட்டும் பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.