செல்டிக்ஸ் ஏன் கலைந்தது? 2025 கோடை ட்ரேடுகள் பற்றிக் கேள்வி பதில்

2025 கோடையில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை விட்டு ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ், லூக் கோர்னெட், அல் ஹார்ஃபோர்ட் நான்கு பேரும் போய்விட்டார்கள். 2024 ஜூனில் இறுதித் தொடரில் டல்லாஸை 4-1 என்று அடித்துக் கோப்பை வாங்கிய அணி இது. இதை எழுதுவது 2025 அக்டோபரில், 2025-26 சீசன் தொடங்கச் சில நாட்களுக்கு முன்பு. கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, பாதி கோபத்தில் வந்தவை. எல்லாத் தொகையும் மில்லியன் டாலரில் சொல்கிறேன். பத்து மில்லியன் என்பது ஒரு கோடி. ட்ரேடு என்றால் அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது.

முரளி: அண்ணா, நான் இப்போதுதான் என்பிஏ பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். சம்பள வரம்பு 154.6 என்கிறார்கள். அப்புறம் பாஸ்டன் 200-ஐத் தாண்டியது எப்படி?

ஐபிஎல் ஏலம் பார்த்திருப்பீர்கள். 2025 ஏலத்தில் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது. என்பிஏவின் சம்பள வரம்பு, அதாவது கேப், அப்படி இல்லை. வெளியிலிருந்து ஒருவரைப் புதிதாக எடுக்கத்தான் அந்த வரம்பு. உங்களிடம் சில ஆண்டுகள் ஆடிய உங்கள் ஆளைத் திரும்ப ஒப்பந்தம் செய்ய வரம்பைத் தாண்டலாம். இந்த விலக்குக்கு லாரி பேர்ட் பெயர்தான், அவரும் செல்டிக்ஸ்காரர்.

தாண்டினால் வரிசையாக மூன்று கோடுகள் இருக்கின்றன. 2025-26-க்கு வரிக் கோடு 187.9, முதல் ஏப்ரன் 195.9, இரண்டாம் ஏப்ரன் 207.8. வரிக் கோட்டுக்கு மேலே போனால் லீகுக்கு வரியாகக் காசு போகும். ஏப்ரன்களுக்கு மேலே போனால் ஆள் எடுக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்டன் செய்தது பாதி புரிந்துவிடும்.

தினேஷ்: நம் நட்சத்திரம் ஜேசன் டேட்டம் அடிபட்டதால்தான் இதெல்லாம் நடந்ததா?

அடிபடாவிட்டாலும் இதில் பெரும்பகுதி நடந்திருக்கும் என்பதுதான் என் எண்ணம். அந்தக் காயம் முடிவை எளிதாக்கியது, அவ்வளவுதான்.

2025 மே 12 இரவு, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நியூயார்க் நிக்ஸுடன் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று) தொடரின் நான்காவது ஆட்டம். இங்கே மறுநாள் விடிந்து வெயில் ஏறியிருந்தது. டேட்டம் 42 புள்ளி எடுத்திருந்தார். கடைசி மூன்று நிமிடம்கூட இல்லை. உருண்டு போன பந்தைப் பிடிக்க முன்னால் பாய்ந்தவர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். யாரும் இடிக்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குதிகால் தசைநார் அறுந்திருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. அந்தக் காலையை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது.

ஆனால் கணக்கு அதற்கு முன்பே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. டேட்டம் 2024-இல் கையெழுத்திட்ட ஐந்தாண்டு, 314 மில்லியன் ஒப்பந்தம் இந்த சீசனில்தான் தொடங்குகிறது. கேப்பில் 35 சதவீதம், அதாவது 54.1. ஜெய்லன் பிரவுனுக்கு 53.1. இரண்டு பேருக்கே 107! ஹாலிடே 32.4, போர்ஸிங்கிஸ் 30.7, டெரிக் ஒயிட் 28-ஐ ஒட்டி. ஐந்து பேரிலேயே வரிக் கோடு தாண்டிவிட்டது. மீதிப் பத்துப் பேருக்கு எங்கே போவது? அதே அணியை வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்த்து 500 மில்லியனைத் தாண்டும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள்.

சுதா: சார், வரி அவ்வளவா வரும்? நம்பவே முடியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பாஸ்டன் 2022-23 முதல் மூன்று சீசன் தொடர்ந்து வரி கட்டியது. முந்தைய நான்கு சீசன்களில் மூன்று முறை கட்டிய அணிக்குத் தனி விகிதம், அதுவும் இந்த சீசனிலிருந்து இன்னும் ஏறியிருக்கிறது. கோட்டுக்கு மேல் முதல் 5.685 மில்லியனுக்கு டாலருக்கு 3 டாலர், அடுத்த 5.685-க்கு 3.25, அதற்கடுத்து 5.50, அப்புறம் 6.75.

ஓர் அணி 20 மில்லியன் மேலே இருக்கிறது என்று வையுங்கள். முதல் மூன்று அடுக்குக்கு 66.8, மீதி 2.9 சொச்சத்துக்கு ஏறக்குறைய 20. ஆக வரி மட்டும் சுமார் 87. இருபது மில்லியன் சம்பளத்துக்கு எண்பத்தேழு வரி.

ராம்குமார்: எல்லாம் சரி, ஆனால் புது முதலாளி 6.1 பில்லியன் மதிப்பில் அணியை வாங்கியிருக்கிறார். வரி கட்ட மனசில்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டுப் போகலாமே?

பணமும் ஒரு காரணம்தான், மறுக்க மாட்டேன். க்ரௌஸ்பெக் குடும்பம் 2002-இல் 360 மில்லியனுக்கு வாங்கிய அணி. பில் சிஸம் தரப்பு இந்த விலைக்கு வாங்கும்போது வரிக் கணக்கைப் பார்க்காமலா வாங்கியிருப்பார்கள்? ரசிகனுக்குக் கோபம் வருவது நியாயம்.

ஆனால் பணம் கொட்டத் தயாராக இருந்தாலும் இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே என்ன ஆகிறது என்று பாருங்கள். ட்ரேடில் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. அனுப்புவதைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. ட்ரேடில் ரொக்கம் சேர்க்க முடியாது. நடுத்தர வீரர்களை எடுக்க உதவும் மிட்லெவல் விலக்கு கிடையாது. டிராஃப்ட் என்பது அணிகள் புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது, அதில் ஓர் அணிக்குக் கிடைக்கும் முறைதான் பிக். ஏழு ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்று பிக் முடக்கப்படும், அதாவது அதை ட்ரேடில் கொடுக்க முடியாது. பாஸ்டனுக்கு 2032 பிக் ஏற்கெனவே முடங்கிவிட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளில் இன்னும் இரண்டு முறை கோட்டுக்கு மேலே முடித்தால் அந்தப் பிக் சுற்றின் கடைசிக்குப் போய்விடும்.

காயத்தால் டேட்டம் பல மாதம் ஆட முடியாது, கையில் எந்தச் சாவியும் இல்லை, எல்லாருக்கும் ஒரு வயது கூடுகிறது. அந்த நிலையில் 500 மில்லியன் கொட்டினாலும் அணியில் ஓர் ஆணியைக்கூட மாற்றியடிக்க முடியாது. எனக்கு உண்மையில் பயமாக இருந்தது இதுதான்.

பிரபா: ஹாலிடே 32.4, பதிலுக்குப் போர்ட்லாந்திலிருந்து வந்த அன்ஃபர்னி சைமன்ஸ் 27.7. மிச்சம் 4.7 தான்! இதற்கா அப்படிப்பட்ட ஆளைக் கொடுத்தார்கள்?

நல்ல கேள்வி, நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்த ஆண்டைப் பார்க்காதீர்கள், அடுத்த இரண்டு ஆண்டைப் பாருங்கள். ஹாலிடேவுக்கு 2026-27-இல் 34.8, 2027-28-இல் அவர் விருப்பப்பட்டால் 37.2. மொத்தம் 72. ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 38 வயது. சைமன்ஸின் ஒப்பந்தம் இந்த சீசனோடு தீர்கிறது. பாஸ்டன் வாங்கியது அந்த 72 மில்லியனிலிருந்து விடுதலை. சைமன்ஸ் 19 புள்ளி சராசரி போட்ட ஆட்டக்காரர் என்பது கூடுதல் லாபம். தடுப்பாட்டத்தில் ஹாலிடேவுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்பதும் உண்மை.

இன்னொன்று. முதலில் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளும் பாஸ்டனுக்கு வருவதாக இருந்தது. ஒப்பந்தம் முடியும்போது அவை கழன்றுவிட்டன. 35 வயது வீரரின் மூன்றாண்டுச் சம்பளத்துக்குச் சந்தையில் என்ன விலை என்று இதிலேயே தெரிகிறது. இன்னும் ஓராண்டு வைத்திருந்தால் பாஸ்டன் பிக் கொடுத்து அனுப்ப வேண்டி வந்திருக்கும்.

சொல்லும்போதே கஷ்டமாகத்தான் இருக்கிறது. 2024 கிழக்குப் பிரிவு இறுதியில் இண்டியானாவில் மூன்றாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? உடம்பு சரியில்லாமல், ஆடுவாரா மாட்டாரா என்ற நிலையில் வந்தார் ஹாலிடே. கடைசி சில நொடி. இண்டியானாவின் நெம்ஹார்ட் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறார், கால் சறுக்குகிறது, அதற்குள் ஹாலிடேவின் கை பந்துமேல். ஆட்டம் அங்கேயே முடிந்தது, 114-111. அந்தக் கை இல்லாவிட்டால் கோப்பை வந்திருக்குமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அருண்: போர்ஸிங்கிஸை இலவசமாகக் கொடுத்த மாதிரி இல்லை?

ஏறக்குறைய அப்படித்தான். மூன்று அணி ட்ரேடு. அவர் அட்லாண்டாவுக்கு, டெரன்ஸ் மேனும் 22-ஆவது பிக்கும் புரூக்ளினுக்கு, பாஸ்டனுக்கு ஜார்ஜ் நியாங்கும் ஓர் இரண்டாம் சுற்று பிக்கும். 30.7 போய் 8.2 வந்தது. ஒரே அடியில் 22.5 இறங்கியது, இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே போக இதுதான் பெரிய படி. 2025 பிளேஆஃப் முழுவதும் நோயின் சோர்வோடு ஆடிய, காயம் அதிகம் படும் வீரருக்கு அதற்கு மேல் யார் கொடுப்பார்கள்? எனக்கு இந்த ட்ரேடில் வருத்தமில்லை.

நியாங்கை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. மாசசூசெட்ஸில் வளர்ந்த பையன், சொந்த ஊர் அணிக்கு வந்தார். ஆகஸ்டில் இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளையும் சேர்த்து யூட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

மீனாட்சி: இந்தக் கோடையில் உங்களுக்கு எது தப்பு என்று படுகிறது?

கோர்னெட். தயங்காமல் சொல்வேன்.

டேட்டம் விழுந்த இரண்டாம் நாள், ஐந்தாவது ஆட்டம், தோற்றால் வீடு. போர்ஸிங்கிஸுக்கு மூச்சு வாங்குகிறது. கோர்னெட் வந்து நின்றார். ஐந்து வீச்சு, ஐந்தும் உள்ளே. 10 புள்ளி, 9 ரீபவுண்ட் (உள்ளே போகாத பந்தைப் பிடிப்பது), 7 பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது). நிக்ஸ்காரர்கள் கூடைக்கு அருகே வந்தாலே தயங்கினார்கள். 127-102. அந்த ஒரு ராத்திரி அணி தலை நிமிர்ந்து நின்றதற்கு ஒயிட்டின் 34 புள்ளி ஒரு காரணம் என்றால் இவர் இன்னொரு காரணம்.

சான் அன்டோனியோ நான்கு ஆண்டுக்குச் சுமார் 41 கொடுத்தது. ஆண்டுக்குப் பத்து சொச்சம், ஒரு சென்டருக்கு (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) இது அதிகமே இல்லை. அவரைத் தக்கவைக்க விதி குறுக்கே நிற்கவில்லை, வரிதான் நின்றது. போர்ஸிங்கிஸும் இல்லை, ஹார்ஃபோர்டும் கோல்டன் ஸ்டேட் போய்விட்டார். இப்போது உள்ளே நீமியாஸ் கெட்டாவும் புதிதாக வந்த லூகா கார்ஸாவும்தான். மூன்று சென்டரை ஒரே கோடையில் இழந்த அணி ஒருவரையாவது பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்காக வேறு எங்காவது குறைத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

ஜனனி, ஸ்கார்பரோ: அண்ணை, எங்கட கிறிஸ் பூஷே உங்கட அணிக்கு வந்திட்டார். அவர விளையாட விடுவினமோ?

விடுவார்கள் என்றுதான் நம்புகிறேன் தங்கச்சி. 2019 கோப்பை அணியில் டொராண்டோவில் கடைசியாக மிஞ்சியிருந்த ஆள் அவர்தான், உங்களுக்கு வலிக்கத்தான் செய்யும். செயிண்ட் லூசியாவில் பிறந்து, மான்ட்ரியலில் உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், இருபதை நெருங்கும்போதுதான் ஒழுங்காக ஆடவே தொடங்கினார். குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓராண்டுக்கு வந்திருக்கிறார். ஏப்ரனுக்கு எவ்வளவு மேலே இருந்தாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆள் எடுக்க எந்த அணிக்கும் தடை இல்லை. பாஸ்டன் இந்தக் கோடையில் வெளியிலிருந்து ஆள் எடுத்தது பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான்.

விக்னேஷ்: பிரவுனையே விற்றிருந்தால் ஒரே ட்ரேடில் வேலை முடிந்திருக்குமே?

53.1 மில்லியன் வீரருக்கு ஈடாகப் பெரும்பாலும் அதே அளவை ஒட்டிய சம்பளம் திரும்பி வரும், பிறகு எங்கே வேலை முடிகிறது? ஜூனில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சையும் நடந்தது. விலை குறைந்திருக்கும் நேரத்தில் 2024 இறுதிச் சுற்றின் சிறந்த வீரரை யாராவது விற்பார்களா? பாஸ்டனின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவர் பிராட் ஸ்டீவன்ஸ் அவரையும் ஒயிட்டையும் பிரிட்சர்டையும் தொடாததுதான் இந்தக் கோடையின் நல்ல சேதி. பிரிட்சர்ட் 2024-25-இன் சிறந்த ஆறாவது வீரர், அதாவது சிறந்த மாற்று ஆட்டக்காரர், ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு 30 மட்டும். இன்றைய சந்தையில் அது பொன்.

கணேசன்: மற்ற அணிகள் இதே சிக்கலில் என்ன செய்தன?

பீனிக்ஸைப் பாருங்கள். டுராண்ட், பூக்கர், பீல் மூவரையும் வைத்து 2024-25-இல் 36 வெற்றி, பிளேஆஃப் கிடையாது. டுராண்ட் ஹூஸ்டனுக்குப் போனார். பீலின் ஒப்பந்தத்தில் தன்னை ட்ரேடு செய்யக் கூடாது என்ற உரிமை இருந்தது, யாருக்கும் தள்ள முடியவில்லை. கடைசியில் அவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்க, மீதியை ஐந்து ஆண்டுக்குப் பரப்பினார்கள். ஆண்டுக்கு 19.4 மில்லியன், 2029-30 வரை, ஆடாத ஒருவருக்கு. பாஸ்டன் எவருக்கும் அப்படி வாய்க்கரிசி போடவில்லை.

முரளி: மறுபடியும் நான்தான் அண்ணா. இனி பாஸ்டன் என்ன செய்யும்?

இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே வந்தாயிற்று, ஆனால் வரிக் கோட்டுக்கு மேலேதான் இன்னும் நிற்கிறார்கள். என் ஆசை பிப்ரவரி ட்ரேடு கெடுவுக்குள் அதற்கும் கீழே இறங்க வேண்டும் என்பது. ஏனென்றால் அந்த 3 டாலர், 5.50 டாலர் விகிதம் நீங்க 2025-26, 2026-27 இரண்டு சீசனும் வரி கட்டாமல் முடிக்க வேண்டும். டேட்டம் இல்லாத இந்த ஆண்டில் அதைத் தொடங்காவிட்டால் எப்போது தொடங்குவது? சைமன்ஸின் 27.7 அதற்குக் கையில் இருக்கும் சீட்டு.

வேண்டுமென்றே தோற்று நல்ல பிக் வாங்க வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதற்கு நான் ஒப்ப மாட்டேன். பிரவுனும் ஒயிட்டும் ஆடும் அணியைத் தோற்கச் சொல்ல எனக்கு வாய் வராது. 28-ஆவதாக எடுத்த ஸ்பெயின் பையன் ஹ்யூகோ கொன்சாலஸுக்கு வயது 19. ஓடிக்கொண்டே இருக்கிறான், பந்து தரையில் விழுந்தால் முதலில் விழுவதும் அவன்தான். அவனுக்குத் தினம் பத்து நிமிடம் கொடுங்கள், அதைப் பார்க்கவே நான் அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்துகொள்வேன்.