வயலை ஈடு வைத்துக் கலாநிதிப் படிப்பா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார். மகள் வந்தாறுமூலையில் விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்து, இப்போது பேராதனையில் எம்.பில். கடைசிக் கட்டத்தில் நிற்கிறாள். லண்டனில் ஒரு பல்கலைக்கழகம் பிஎச்.டி.க்கு அனுமதி கொடுத்திருக்கிறது. கட்டணம் நாம்தான் கட்ட வேண்டும். படுவான்கரை வயலை ஈடு வைக்கலாமா என்பது கேள்வி. அந்த ஆய்வுத் தலைப்பில் பிள்ளைக்கு விருப்பமில்லை என்பது கடைசி வரியில்தான் வருகிறது.

ஐயா, உங்கள் பயம் விளங்குகிறது. ஆனாலும் வயலில் கை வைக்க வேண்டாம். ‘இந்தச் சந்தர்ப்பம் திரும்ப வராது’ என்கிறாராம் லண்டன் மச்சான். காசு கட்டத் தயாராக இருப்பவருக்கு அது அடுத்த வருடமும் வரும். மூன்று நான்கு வருடக் கட்டணமும் வீட்டு வாடகையும் அவரா கட்டப்போகிறார்?

சுவீடன், நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் கலாநிதி ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழக ஊழியர்கள். மாதச் சம்பளம், லீவு எல்லாம் உண்டு, படிப்புக் கட்டணம் இல்லை. சுவீடனில் ஆய்வுக்கு 4 வருடம். 20 வீதம் வரை கற்பித்தல் சேர்ந்தால் 5 வருடமாகும். ஜேர்மனியில் பல இடங்கள் பகுதிச் சம்பளத்தில்தான் வரும், 65 வீதம் என்பது சாதாரணம். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத் தளத்தில் ‘படிப்புகள்’ பக்கத்தில் தேடினால் இவை அகப்படா. ‘வேலை வெற்றிடங்கள்’ பக்கத்தில் இறுதித் திகதியோடு விளம்பரமாக வரும். ஐரோப்பிய ஆணைக்குழுவின் யூராக்செஸ் தளத்தில் பல நாட்டு இடங்களையும் ஒன்றாகத் தேடலாம். மரி கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் கலாநிதி வலையமைப்புகளும் (பல நிறுவனங்கள் சேர்ந்து ஆய்வாளர்களை எடுக்கும் திட்டங்கள்) அங்கே வரும். அவற்றுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். வேலையில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், வேலை தரும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. ஊரைவிட்டு அசையாத பிள்ளை என்று சொந்தக்காரர் குறை சொல்கிறார்களே, இங்கே அதுதான் தகுதி.

விண்ணப்பத்தின் உயிர் ஒரு பக்கக் கடிதம். ‘சிறுவயது முதலே எனக்கு உயிரியலில் ஆர்வம்’ என்று தொடங்கினால் அடுத்த வரியை யாரும் படிக்கமாட்டார்கள். முகத்துவாரம் திறக்கு முன்னும் பின்னும் களப்பில் அவள் எடுத்த உவர்த்தன்மை அளவுகள், அந்தந்த இடத்து நண்டுக் கணக்கு: இதில் தொடங்கட்டும். கழிமுகம், கரையோரச் சூழல் என்று வரும் திட்டங்களுக்கு அது நேரடியாகப் பேசும். திட்டத்தை நடத்தும் பேராசிரியரின் கட்டுரை இரண்டையாவது வாசித்துவிட்டு எழுத வேண்டும். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எல்லா இடத்துக்கும் அனுப்புவது வீண்வேலை. பரிந்துரைக்கும் விரிவுரையாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது மரியாதை, பயனும் அதுதான்.

‘இடம் எடுத்துத் தருகிறேன்’ என்று வரும் முகவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இந்த விளம்பரங்களுக்கு அவள் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். மறுப்புகள் வரும், நிறைய வரும். அதற்குள் எம்.பில். ஆய்வேட்டைக் கொடுத்துவிடட்டும். முதுமாணித் தரப் பட்டம் இல்லாமல் இந்த நாடுகளில் பெரும்பாலும் உள்ளே எடுக்கமாட்டார்கள்.

அப்புறம், ‘கலியாணம் என்னாவது’ என்று பெரியம்மா கேட்கிறாராம். சுவீடனில் கலாநிதி ஆய்வாளரின் துணையும் அனுமதி எடுத்துக் கூடத் தங்கலாம், வேலையும் செய்யலாம். அந்தப் பேச்சை எப்போது தொடங்குவது என்பதை மகளிடமே விடுங்கள்.