முன்சௌசன் படங்களில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: பீரங்கிக் குண்டின் மேலேறிப் பறந்ததாக அளக்கும் முன்சௌசன் பிரபுவின் கதைகள் பல தடவை படமாகியிருக்கின்றன. எதைப் பார்க்கலாம்?

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், 1979இல் சோவியத் தொலைக்காட்சிக்காக மார்க் ஸகாரவ் எடுத்த படத்தைப் பாருங்கள். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு, இதே பிரபுவைப் படமாக்கிய இன்னொரு இயக்குநர் டெர்ரி கில்லியம்தான் தெய்வம்.

இந்தப் பிரபு நிஜமாகவே இருந்தவர். ஜெர்மனியின் போடன்வெர்டர் ஊர்க்காரர். ரஷ்யப் படையில் சேர்ந்து துருக்கியரோடு சண்டை போட்டுவிட்டு ஊர் திரும்பி, விருந்தாளிகளிடம் வேட்டைக் கதை, போர்க் கதை என்று ரீல் விட்டவர். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1785இல், ருடால்ஃப் எரிக் ராஸ்ப என்பவர் தன் பெயர் போடாமல் லண்டனில் அவற்றைப் புத்தகமாக்கிவிட்டார். மனிதருக்கு ‘புளுகர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாவம், அதில் அவருக்குக் கடும் கோபம்.

ஸகாரவ் பிடித்துக்கொண்டது கதைகளை அல்ல, இந்த மனிதரை. ஒலெக் யான்கோவ்ஸ்கியின் முன்சௌசன் சவடால் அடிப்பதில்லை. மே மாதத்துக்கு 32ஆம் தேதியும் உண்டு என்று அமைதியாகச் சொல்கிறார். ஊரார் கேட்பது ஒன்றுதான்: சொன்னதெல்லாம் பொய் என்று எழுதிக் கொடு. காதலிக்காக அதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, செத்ததாக நாடகமாடி, வேறு பெயரில் தோட்டக்காரராக வாழ்கிறார். செத்துப்போனார் என்றதும் அதே ஊரார் சிலை வைக்கிறார்கள். திரும்பி வந்தாலோ, நீ போலி என்கிறார்கள். இதைச் சோவியத் டிவியில் எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அடுத்து 1943இல் வந்த ஜெர்மன் படம். இதன் பின்கதை படத்தைவிடச் சுவையானது. ஊஃபா சினிமா நிறுவனத்தின் 25ஆம் ஆண்டுக்காக, பொய்யையே இலாகாவாக நடத்திய நாஜி பிரசார மந்திரி கோயபல்ஸ் எடுக்கச் சொன்ன கலர்ப் படம். திரைக்கதை எழுதியவர் எரிக் கெஸ்ட்னர். 1933இல் நாஜிகள் எரித்த புத்தகங்களில் அவருடையதும் உண்டு. எரிவதை அங்கேயே நின்று பார்த்தவர். எழுதத் தடை இருந்ததால் பெர்த்தோல்ட் பூர்கர் என்ற புனைபெயர். ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்து ஒரு மாதத்தில் படம் பெர்லினில் வெளியானது. வெனிஸில் ஆட்சியின் ஒற்றர்களைப் பற்றிக் காதல் மன்னன் காசனோவா எச்சரிக்கும் இடத்தை இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். மற்றபடி ஆடம்பரம் அதிகம், கொஞ்சம் இழுவை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் செக் இயக்குநர் கரேல் ஸெமனின் படம். முன்சௌசன் கதைகளுக்குப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே போட்ட பழைய செதுக்கோவியங்களுக்குள்ளேயே நடிகர்களை நடமாட விட்டிருக்கிறார். சந்திரனில் இறங்கும் விண்வெளி வீரருக்கு முன்னமே பிரபு அங்கே உட்கார்ந்திருக்கிறார். அதோடு நிற்காமல், வந்தவரைச் சந்திரவாசி என்று முடிவுகட்டிவிடுகிறார்!

சரி, கில்லியமின் 1988 படம். நாடகக் கம்பெனி ஒன்று பிரபுவின் கதையை நடித்துக்கொண்டிருக்க, கிழப் பிரபுவே மேடையேறி, எல்லாம் பொய் என்று கத்தும் தொடக்கம் அபாரம். அப்புறம் செட்டும் உடையும் கதையை அமுக்கிவிடுகின்றன. பணத்தைத் தண்ணீராகச் செலவழித்து எடுத்தார்கள். அமெரிக்காவில் அதில் கால்வாசிகூடத் தேறவில்லை. என் ரசனைக்குத் தியேட்டர் திரை இருந்தால் மட்டும் பார்க்கலாம்.

ஸகாரவ் படம் இரண்டு பாகம். முதல் பாகம் வெறும் கேலிக்கூத்தாகத் தோன்றும். நானும் முதல் தடவை அதோடு அணைத்துவிட்டேன். தோட்டக்காரர் வருவது இரண்டாவதில்தான்.