அம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேஷன், மிகவும் பயப்படுகிறார். என்ன சொல்லித் தேற்றுவது?

கேள்வி கேட்டவர் திருகோணமலையில் இருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது, சீனி வருத்தமும் உண்டு. அடுத்த மாதம் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். எதைக் கேட்டுத் தெளிவாக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

நானும் திருகோணமலைதான். கண் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிற அம்மாக்கள் டொக்டருக்கு முன்னால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்பார்கள்: "மிஸி, கண்ணை வெளியில எடுத்துக் கழுவிப்போட்டோ திருப்பி வைப்பினம்?" உங்கள் அம்மாவின் பயமும் இதுவாக இருக்கலாம். முதலில் அதை அவர் வாயால் சொல்லவிடுங்கள்.

கண்ணை யாரும் வெளியே எடுப்பதில்லை. கண்மணிக்குப் பின்னால் இருக்கிற வில்லை (லென்ஸ்) வயதோடு கலங்கிப் போவதுதான் கண்புரை. ஓரத்தில் 2, 3 மில்லிமீற்றர் அளவில் சிறு வெட்டுப் போட்டு, கேளா ஒலி அதிர்வால் அந்த வில்லையைக் கரைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த செயற்கை வில்லையை உள்ளே வைத்து விரிய விடுகிறார்கள். புரை மிகவும் இறுகியிருந்தால் வெட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகும். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

"செத்த ஆக்களின்ர கண்ணையோ வைக்கிறது?" இதுவும் நம் ஊரில் அடிக்கடி வருகிற கேள்வி. அப்படிக் கேட்பதில் பிழையில்லை. 1961இல் ஹட்சன் சில்வா கண் தானச் சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து இலங்கையில் கண் தானம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளிநாடுகளுக்கும் இங்கிருந்து கண் போகிறது. ஆனால் தானமாகக் கிடைப்பதில் பொருத்துவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற கருவிழிப் படலத்தை. புரைக்கு வைப்பது ஒரு வகை பிளாஸ்டிக் வில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் குத்தி நின்றும் கண் அவற்றை ஒதுக்கவில்லை. அதைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி என்ற டொக்டர், 1949இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையை வைத்தார். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்ட பிறகு முகம் தெளிந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நோகுமா? துளி மருந்தாலோ ஊசியாலோ கண்ணை விறைக்கப் பண்ணுவார்கள். தொடுவது, தண்ணீர் படுவது, வெளிச்சம் எல்லாம் தெரியும், குத்தும் நோவு இராது. முகத்தைத் துணியால் மூடும்போதுதான் பலருக்கு நெஞ்சு அடிக்கும். நான் பக்கத்தில் நின்று, "அம்மா, இருமல் வந்தால் தலையை ஆட்டாதேங்கோ, என்ர கையை ரெண்டு தரம் அமத்துங்கோ" என்பேன். இருமல் இருந்தால் முன்னமே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"முத்தினால்தானே வெட்டலாம்?" என்பது பழைய பேச்சு. இப்போது முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மிஞ்சி முற்றினால் ஒப்பரேஷன்தான் கஷ்டமாகும். துளி மருந்தால் புரை கரையாது. நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விட்டு, சிவந்து வீங்கி வந்தவர்கள் உண்டு. தேன், முலைப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். என் சொந்த அம்மாவும் அந்தப் பூவைத்தான் நம்பியிருந்தார். ஒரு கண் ஒப்பரேஷன் முடிந்து சில நாளில், முற்றத்துப் பூவைக் கையில் வைத்து ஒரு கண்ணைப் பொத்தியும் மற்றக் கண்ணைப் பொத்தியும் பார்த்தார். புதுக் கண்ணுக்கு வெள்ளை, பழைய கண்ணுக்குத் தேத்தண்ணிக் கறை. இத்தனை வருடம் அவர் வெள்ளை என்று பார்த்தது அந்தக் கறையைத்தான்.

சீனி வருத்தம் உள்ளவருக்குக் கட்டாயம் கேட்க வேண்டியது: "விழித்திரை எப்படி இருக்கிறது?" விழித்திரை என்பது கண்ணின் உள்ளே பின்பக்கத்தில் காட்சி விழுகிற படலம். சீனி அதைத் தாக்கியிருந்தால், புரையை எடுத்தாலும் எதிர்பார்த்த அளவு பார்வை வராமல் போகலாம். இதை முன்னமே தெரிந்துகொண்டால் பிறகு மனம் உடையாது. கண் நரம்பைக் கெடுக்கிற குளுக்கோமா வருத்தமும் அப்படித்தான், அதில் போன பார்வை திரும்பாது. சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் புண் ஆறுவதும் நல்லது. அம்மா குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கக் குடிப்பதை. (அப்பாவுக்கு ஒப்பரேஷன் என்றால், சலம் போவதற்குக் குடிக்கும் டாம்சுலோசினையும் மறைக்க வேண்டாம். ஒப்பரேஷன் நேரத்தில் கண்மணி சுருங்கிச் சிரமம் கொடுக்கும்.)

ஒப்பரேஷனுக்குப் பிறகு கண்ணாடி வேண்டுமா என்றால், வழக்கமாக வைக்கும் வில்லை தூரத்துக்கு. பேப்பர் வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். சில மாதம், வருடம் கழித்து மறுபடி மங்கினால் "புரை திரும்பி வந்திட்டுது" என்று கலங்க வேண்டாம். வில்லைக்குப் பின்னாலுள்ள சவ்வு மங்குவது அது, லேசரில் சில நிமிட வேலை.

வீட்டில் பார்க்க வேண்டியதுதான் பெரிய வேலை. துளி மருந்தைச் சொன்ன நேரத்துக்கு, சொன்ன நாள் வரை, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு விடுங்கள். போத்தல் நுனி இமையில் படக்கூடாது. இரண்டு மருந்தென்றால் இடையில் 5 நிமிடமாவது விடுங்கள். டொக்டர் சரி என்னும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, கடற்குளிப்பு, கோவில் தீர்த்தம் எதுவும் வேண்டாம். விபூதியை நெற்றியில் மெதுவாக ஒற்றினால் போதும், அள்ளிப் பூசினால் உதிர்ந்து கண்ணுக்குள் விழும். விறகடுப்புப் புகையிலும் அவரை நிற்க விடாதீர்கள்.

ஒரு ஐயாவை என்னால் மறக்க முடியாது. ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர், நாலாம் நாள் கண் நோகத் தொடங்கியும் பிள்ளைகளைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று மூன்று நாள் வாயே திறக்கவில்லை. வந்தபோது உள்ளே கிருமி பரவி, அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது. இது அரிதாகத்தான் நடக்கும், ஆனால் வந்தால் சில மணித்தியாலத்திலேயே முற்றிவிடும். நோ கூடினால், சிவப்பு ஏறினால், பார்வை குறைந்தால், மின்னல் வெட்டுவதுபோலவோ திரை விழுவதுபோலவோ தெரிந்தால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல், இரவென்றாலும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள், நோவை அவர் ஒளிக்காமல் இருக்கட்டும்.